கீறலை மறைக்கப் போட்ட கோடு... வண்டிகளில் கலை வளர்த்த வான் டச்சின் கதை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில சி.டி.எச் ரோட்டுல சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பாடியில ஆரம்பிச்சு அம்பத்தூர் ஓ.டி, திருமுல்லைவாயல் தாண்டி ஆவடி செக்போஸ்ட் போறதுக்குள்ள எத்தனை ஸ்டிக்கர் கடை, எத்தனை டிங்கரிங் பட்டறைன்னு எண்ணிப் பாருங்க. அப்படியே பருத்திப்பட்டு வழியா பூந்தமல்லி பக்கம் திரும்பினா, லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவங்க வேற. ஷோரூம்ல இருந்து வந்து ஆறு மாசம்கூட ஆகாத பைக், கம்பெனி பெயின்ட் பளபளன்னு இருக்கும்போதே, அதுக்கு மேல தீப்பிழம்பு, புலி, அம்மா பேரு, தலைவர் முகம்னு எதையாவது ஏத்திக்கிட்டு வெளிய வரும்.

ஏன் இப்படிப் பண்றோம்? பக்கத்து வீட்டுலயும் அதே மாடல், அதே கலர் நிக்குது. ஸ்டேஷன் பார்க்கிங்ல வரிசையா நிக்குற வண்டிகள்ல நம்மது எதுன்னு நம்பர் பார்க்காமலே தெரியணும். அவ்ளோதான் மேட்டர்!

இந்த ஆசையை ஒரு தனிக்கலையாகவே மாற்றிய ஒரு பெயின்டர் இருந்தார். அவர் பெயரை நீங்க ஏற்கெனவே பார்த்திருப்பீங்க... வண்டியில இல்ல, தொப்பியில. 'வான் டச்'னு முன்பக்கம் வளைச்சு எழுதின தொப்பி, டி-ஷர்ட் ஞாபகம் வருதா? அது ஏதோ ஃபேஷன் கம்பெனியோட பேருன்னுதான் நம்மில் பலரும் நினைச்சிருப்போம். அந்தப் பெயருக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்தார். கடைசிக் காலத்தில் ஒரு பழைய பஸ்ஸுக்குள்ள வாழ்ந்து, 1992-ல் செத்துப்போனார். அந்தத் தொப்பிகள் வித்த காசுல ஒரு பைசாகூட அவர் பார்க்கல.

அவரோட கதைதான் இது.

அப்பாவின் பிரஷ்

உண்மையான பெயர் கென்னத் ராபர்ட் ஹோவர்ட். கூப்பிடுவது கென்னி. 1929 செப்டம்பர் 7-ம் தேதி பிறந்தார். வளர்ந்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் தெற்குப் பக்கம். அப்பா வாலி ஹோவர்ட், கடைகளுக்கு போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். நம்ம ஊர்ல ஃப்ளெக்ஸ் வர்றதுக்கு முன்னாடி சுவரிலும் தகரத்திலும் எழுத்து எழுதுவாங்களே, அதே வேலை.

வீட்டில் எப்போதும் பெயின்ட் டப்பா, தின்னர் வாசனை. பையன் நடக்கப் பழகும்போதே பிரஷ்ஷும் பழகிவிட்டது. பிடிவாதக்காரன் என்பதால் வீட்டில் வைத்த பட்டப்பெயர்தான் 'டச்' என்கிறார்கள். பிடிவாதத்துக்கு டச்சுக்காரர்களை உதாரணம் சொல்வது அந்த ஊர் வழக்கம். பிறகு அவரே அதன் முன்னால் ஒரு 'வான்' சேர்த்துக்கொண்டார்.

பதின்ம வயதிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் எடுபிடி, அப்புறம் மெக்கானிக் வேலை. ஒருநாள் அப்பாவின் பிரஷ்களை எடுத்து ஒரு பைக்கில் மெல்லிய கோடுகள் போட்டிருக்கிறார். பட்டறை முதலாளி பார்த்துவிட்டு, இது பையன் போட்டது என்று நம்பவே இல்லையாம். அப்பா போட்டுக் கொடுத்திருப்பார் என்று நினைத்தாராம். அதன் பிறகு அந்தப் பையன் கையில் ஸ்பேனரைவிட பிரஷ்தான் அதிகம் இருந்தது.

தப்பை மறைக்க வந்த கலை

இங்க கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்து லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்துட்டுப் போலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்தது. ராணுவத்திலிருந்து திரும்பிய இளைஞர்களின் கையில் கொஞ்சம் காசு, நிறைய மெக்கானிக் அறிவு. பழைய ஃபோர்டு கார்கள் சல்லிசாகக் கிடைத்தன. வாங்கி, பிரித்து, கூரையைத் தாழ்த்தி, எஞ்சினை மாற்றி ஆளாளுக்கு ஒரு காரை உருவாக்க ஆரம்பித்தார்கள். 'ஹாட் ராட்', 'கஸ்டம் கார்' என்று நாம் இன்று சொல்வதெல்லாம் அங்கே, அப்போது சூடு பிடித்தவைதான்.

அந்தப் பசங்களுக்கு முதலில் கண்ணை உறுத்தியது காரின் மூக்கிலும் டிக்கியிலும் இருந்த கம்பெனி எம்பளம். அதைப் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் ஓட்டை இருக்கும். அதில் ஈயத்தை உருக்கி ஊற்றி, கிரைண்டரால் தேய்த்துச் சமமாக்கி, மேலே பெயின்ட் அடிப்பார்கள். நல்ல டிங்கர் செய்தால் தெரியாது. அரைகுறையாகச் செய்தால்? வெயிலில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால் கிரைண்டர் ஓடிய தடம் பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பல்லிளிக்கும். நம்ம ஊர்ல பட்டி சரியா தேய்க்காம பெயின்ட் அடிச்சா மேடும் பள்ளமும் தெரியுமே, அதே சிக்கல்தான்.

அந்தத் தடத்தின் மேல் ஒரு டிசைன் போட்டால்? கண் கோட்டைத்தான் பார்க்கும், கீறலைப் பார்க்காது. வான் டச் கார்களில் கோடு போட ஆரம்பித்ததே இப்படித்தான் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் காலம்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.

வண்டியில் கோடு போடுவது அவர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. குதிரை வண்டிக் காலத்திலேயே சக்கரத்திலும் ஓரத்திலும் மெல்லிய கோடு போடும் வழக்கம் இருந்தது. ஆரம்பகால கார்களிலும் அது தொடர்ந்தது. ஆனால், அந்தக் கோடுகள் காரின் உடம்பு வளைவை ஒட்டி, ஓரத்தோடு அடக்க ஒடுக்கமாக ஓடும். 1930-களில் கார்களின் தோற்றம் மாறியதும் அந்தப் பழக்கம் மெல்லத் தேய்ந்துபோனது.

வான் டச் அந்தக் கோட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். பானட்டின் நடுவில் இரண்டு கோடுகள் கிளம்பும். பிரியும், வளையும், ஒன்றையொன்று வெட்டும், கடைசியில் ஒரு புள்ளியில் சேரும். இடது பக்கம் எப்படியோ வலது பக்கமும் அப்படியே. கொஞ்ச நேரம் பார்த்தால் அதற்குள் ஒரு முகம் தெரியும், பூச்சி தெரியும், ஒரு பிசாசுகூடத் தெரியும். நம்ம வீட்டு வாசல்ல புள்ளியைச் சுத்தி வளைச்சு வளைச்சுப் போடுற சிக்குக் கோலத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது உடனே பிடிச்சுப்போகும்.

டேப் கிடையாது, அழிப்பானும் கிடையாது

ஸ்டிக்கர்னா கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி, மெஷின்ல வெட்டி, சோப்புத் தண்ணி தெளிச்சு ஒட்டிடலாம். தப்பா ஒட்டினா உரிச்சுட்டு மறுபடி ஒட்டலாம். கையால் போடும் கோட்டில் அந்த வசதி இல்லை.

இதற்கென்றே ஒரு பிரஷ் உண்டு. அணில் முடியில் செய்தது. கைப்பிடி குட்டையாக இருக்கும், முடி மட்டும் இரண்டு அங்குலம் வரை நீளும். ஒரு பக்கம் சரிவாக வெட்டி, பார்க்க குட்டி வாள் மாதிரி இருக்கும். நீளமான முடி நிறைய பெயின்ட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இடையில் நிறுத்தாமல் நீண்ட கோடு இழுக்கலாம். பிரஷ்ஷை எந்த அளவுக்கு அழுத்துகிறோமோ அந்த அளவுக்குக் கோடு தடிக்கும். சுண்டுவிரல் வண்டியின் மேல் ஊன்றியபடியே கூட நகரும். இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெயின்ட்டும் தனி. போர்டு எழுதுபவர்கள் பயன்படுத்தும் கெட்டியான எனாமல். ஏற்கெனவே இருக்கும் பெயின்ட்டின் மேல் ஒரே பூச்சில் நிறத்தைக் காட்ட வேண்டும் அல்லவா? அதற்கு அதுதான் சரி. தப்பு நடந்துவிட்டால் காய்வதற்குள் துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் போச்சு!

இந்தக் கைவேலை நமக்கும் ரொம்பத் தூரம் இல்லை. பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் யார் வீட்டிலாவது இருந்தால் மட்கார்டு ஓரத்தைப் பாருங்க, மெல்லிசா ஒரு கோடு ஓடும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அந்த ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ-வையும் செய்தது உங்க அம்பத்தூரில்தான். வடக்கே திருவொற்றியூரில், ராயல் என்ஃபீல்டு புல்லட் டேங்க்குகளில் ஓடும் தங்க நிறக் கோட்டை ஆர்ட்டிஸ்ட்கள் கையாலேயே போட்டார்கள். டேப் ஒட்டாமல், ஒரே இழுப்பில். 'மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எந்த இரண்டு டேங்க்கிலும் கோடு அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதுதான் அதன் அழகு.

நேரத்தை வாங்கலாம், டிசைனை வாங்க முடியாது

1950-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வான் டச்சின் பெயர் பரவியது. ஒரு பட்டறையில் நிலையாக இருக்க மாட்டார். இன்று இங்கே, அடுத்த வாரம் வேறு இடத்தில். அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே கார்கள் வரிசையில் நின்றன. காருக்குக் கோடு போடுவதையே அவர் பெயரை வைத்து 'டச்' செய்வது என்று பசங்க சொல்ல ஆரம்பித்தார்கள். நாம நகல் எடுக்கிறதை ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி!

வாடிக்கையாளர்களுக்கு அவர் வைத்த விதி ரொம்ப வினோதம். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்லலாம், அதற்குக் காசு கொடுக்கலாம். என்ன போட வேண்டும் என்று மட்டும் சொல்லக் கூடாது. அது அவர் இஷ்டம். நம்ம ஊர்ல ஒரு ஸ்டிக்கர் கடைக்காரர் இப்படிச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க! ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். மெர்சிடிஸ் 300 எஸ்.எல் என்ற காரின் கதவுகள் பறவை இறக்கை மாதிரி மேலே திறக்கும். அன்றைக்கு உலகத்தின் மிக உசத்தியான கார்களில் ஒன்று. அப்படி ஒன்றின் மீதும் தீப்பிழம்பு வரைந்துகொடுத்தார் இவர். கம்பெனி பெயின்ட்டின் மேல் கை வைக்க அந்தக் கார் ஓனருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்!

அவருடைய இன்னொரு முத்திரை, சிறகு முளைத்த கண். ரத்தச் சிவப்பேறிய ஒற்றை விழி, இரண்டு பக்கமும் இறக்கை. பழங்கால எகிப்து, மாசிடோனியா நாகரிகங்களிலிருந்து வந்த அடையாளம் அது, மேலிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் கண் என்று அவரே விளக்கம் சொல்வார். பூந்தமல்லி சாலையில் ஓடுகிற லாரிகளின் பின்னால் திருஷ்டிக்காக வரைந்த கண்ணையும் பூத முகத்தையும் பார்த்திருக்கும் உங்களுக்கு அது ஒன்றும் புதுசாகத் தெரியாது.

புகழ் வந்ததும் விலகிய ஆள்

இந்த நேரத்தில் வேறு ஒருவராக இருந்தால் ஒரு பெரிய கடை திறந்து, நாலு ஆட்களை வைத்து, கல்லாவில் உட்கார்ந்திருப்பார். வான் டச் நேர் எதிர்த் திசையில் போனார்.

அவர் பாணியை எல்லோரும் காப்பியடிக்க ஆரம்பித்ததும் அவருக்குக் கோடு போடுவதே சலித்துவிட்டது. பணம் சேர்ப்பதில் நாட்டம் இல்லை. வாழத் தேவையானதற்கு மேல் சம்பாதித்தால் அதைக் காப்பாற்றுவதிலேயே பொழுது போய்விடும் என்பது அவர் கட்சி. இயந்திரங்களின் பக்கம் திரும்பினார். ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினைப் பொருத்தி ஒரு மோட்டார் சைக்கிள் செய்தார். ஒரு கென்வொர்த் லாரியின் கேபினைத் தூக்கி ஃபோர்டு பிக்கப்பின் மேல் உட்காரவைத்து 'கென்ஃபோர்டு' என்று பெயர் வைத்தார். துப்பாக்கி, கத்தி எனக் கையில் கிடைத்ததை எல்லாம் செதுக்கி, இழைத்துக் கொண்டிருந்தார்.

சில காலம் அரிசோனாவில் இருந்தார். பிறகு கலிஃபோர்னியாவில் சினிமாக் கார்களைச் சேகரித்த ஒரு குடும்பத்திடம் வேலைக்கு வந்தார். கடைசி வருடங்கள் சாந்தா பாவுலா என்ற சிறிய ஊரில், அந்தக் குடும்பத்தின் இடத்தில் கழிந்தன. வீடு? ஒரு பழைய டவுன் பஸ். ஒரு பாதியில் படுக்கை, மறுபாதியில் பட்டறை. அவ்வளவுதான் அவர் சொத்து.

மறைக்க முடியாத கீறல்

இதுவரைக்கும் படிச்சப்போ, என்ன மனுஷன்டான்னு உங்களுக்குத் தோணியிருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால், இவரைப் பற்றி எழுதும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது.

அவர் மொடாக்குடியர். குடும்பத்தோடு ஒட்டி வாழவில்லை. யாருடனும் நீண்ட நாள் ஒத்துப்போகவில்லை. அதைவிட மோசமானது அவருடைய இனவெறி. வெள்ளையர் அல்லாதவர்கள் மீது அவருக்கு இருந்த வெறுப்பு, அவர் இறந்த பிறகு வெளிவந்த அவருடைய கடிதம் ஒன்றில் அப்பட்டமாகத் தெரிந்தது. பழகியவர்கள் சிலரும் அதை உறுதிப்படுத்தினார்கள். நானோ நீங்களோ அவர் பட்டறை வாசலில் போய் நின்றிருந்தால் நம் டேங்க்கைத் தொட்டிருப்பாரா என்பதே சந்தேகம்.

அப்போ அவர் கோட்டை ரசிக்கலாமா, கூடாதா? இதுக்கு நான் தீர்ப்பு சொல்லப்போறது இல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம். காரில் இருக்கும் கீறலை மறைக்க அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. அந்த அழகான கோட்டை அவர் மேலேயே போட்டு அவருடைய கீறலை நாம் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

குடி அவர் உடம்பைத் தின்றுவிட்டது. 1992 செப்டம்பர் 19-ம் தேதி, 63 வயது முடிந்து சில நாள்களில் இறந்துபோனார்.

பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது

1996-ல் அவருடைய இரண்டு மகள்களும் 'வான் டச்' என்ற பெயரின் உரிமையை விற்றார்கள். அது கை மாறி, துணிக் கம்பெனியாக வளர்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு புகைப்படங்களில் வந்ததும் உலகம் முழுக்க அது ஓடியது. போலித் தொப்பிகளும் கூடவே ஓடின. பணத்தைக் கண்டு ஒதுங்கிய ஒரு மனிதரின் கையெழுத்து, தொப்பிக்கு விலை ஏற்றும் முத்திரையாக மாறியது. அவரை அறிந்த பழைய நண்பர்கள் பலருக்கு அதில் கோபம். தொப்பி போட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இவர் யாரென்றே தெரியாது.

பெயர் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற விஷயமா? உங்க தெருமுனையில் ஓடுற ஷேர் ஆட்டோவின் பின்னாடி எழுதியிருக்கும் எழுத்து யார் கை? லாரி முகப்பில் இருக்கும் அந்தத் தாமரை யார் போட்டது? வண்டி நம்பர் தெரியும், ஓனர் பெயர் தெரியும். வரைந்தவர் பெயர் மட்டும் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் வந்த பிறகு அந்தக் கைகளில் பலவற்றுக்கு வேலையும் குறைந்துவிட்டது.

உங்க வண்டிக்குப் போடப்போறீங்களா?

ஆசை வந்துட்டா, சில விஷயங்களைக் கவனிச்சுக்கோங்க.

முதலில் வண்டி ஆர்.சி-யை எடுத்துப் பாருங்க. அதில் இருக்கும் நிறமே மாறிப்போகும் அளவுக்கு முழுசா பெயின்ட் அடிப்பதென்றால் ஆர்.டி.ஓ-வில் அனுமதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். டேங்க்கிலும் மட்கார்டிலும் கோடு போடுவது வேறு விஷயம். நம்பர் பிளேட்டில் மட்டும் எந்தக் கலையும் வேண்டாம்!

பழைய பெயின்ட்டின் மேல் வரையும்போது பாதி வேலை சுத்தம் செய்வதுதான். பாலிஷ், மெழுகு, கை எண்ணெய் எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. வழுவழுப்பான இடத்தை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கினால்தான் புதுப் பெயின்ட் பிடிக்கும். பெட்ரோல் டேங்க் என்றால் இன்னும் கவனம் தேவை. மூடி பக்கம் பெட்ரோல் சிந்தினால் வெறும் எனாமல் கோடு நாளடைவில் இளகிப்போகும். மேலே கிளியர் அடித்தால் காப்பாற்றலாம். ஆனால், எனாமல் முழுசா காயாமல் கிளியர் அடித்தால் கோடு சுருங்கிவிடும். அதனால ஆர்ட்டிஸ்டை அவசரப்படுத்தாதீங்க. ரெண்டு நாள் ஆகும்னு சொன்னா ரெண்டு நாள் விட்டுட்டு வாங்க.

அந்த ரெண்டு நாள்ல ஒரு மணி நேரமாவது பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க. சுண்டுவிரல் எங்க ஊனுது, மூச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க. எடுத்துக்கிட்டு கிளம்பும்போது அவர் பெயரைக் கேளுங்க. டேங்க்கோட அடியில, யார் கண்ணுக்கும் படாத ஓரத்தில, சின்னதா கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க.

இன்ஸ்டால போட்டோ போடும்போது மறக்காம அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுங்க!